தாழ்வாரத்தடிப் பிள்ளை

அவர் நின்றபடி யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. நீங்கள் மண்ணில் குந்தியிருந்தால் அவரும் குந்துவார். கதிரையில் இருந்தால் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு முழங்காலோடு முழங்கால் முட்டுகிற தூரத்தில் உட்காருவார். பிறகு கையுறைகளைக் கழற்றி மடியில் வைப்பார். ஏரிக் காற்று எலும்பைக் குத்துகிற நாளிலும் கழற்றுவார். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல் வரும்.

"ஃபெர்ட்செல்."

சுவிஸ் டொச்சில், அந்த ஊர் ஜேர்மன் பேச்சில், 'சொல்லு' என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்கு வாய் திறக்காத ஆளை அந்த ஏரிக்கரையில் நான் காணவில்லை. என் கணவர் ஒருவரைத் தவிர.

லுசேர்ணிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கிராமம். ஏரியைப் பார்த்த புல்வெளி ஒன்றில் அடுக்குமாடி கட்டுவதற்காக நிலத்தைக் கிண்டியபோது, ரோமர் காலத்து மாளிகை ஒன்றின் சுவர்கள் வெளியே வந்தன. கட்டட வேலை நின்றது. அகழ்வாராய்ச்சிக்காரர்கள் வந்து கூடாரம் அடித்தார்கள். அவர்களுக்குத் தலைவர் இவர். தலை நரைக்கத் தொடங்கிய, உயரமான, எப்போதும் சேற்றுச் சப்பாத்து போட்ட பெண்.

நான் அதற்கு முன்பு ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்துகொண்டிருந்தேன். தோள்மூட்டுப் பழுதாகி வேலை போய்விட்டது. வேலையில்லாதவர்களைக் கவனிக்கிற அலுவலகம், வீட்டில் சும்மா இருக்கவேண்டாமென்று என்னை அங்கே அனுப்பியது. தோண்டுகிற வேலை என் தோளுக்கு ஆகாது. மண்ணிலிருந்து வருகிற சட்டி பானைத் துண்டுகளையும் கூரை ஓட்டுத் துண்டுகளையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் தட்டில் காயவைப்பதுதான் என் வேலை.

முதல் நாள் ஒரு பேசினுக்கு முன்னால் குனிந்து கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் குந்தினார். தோளில் என்ன என்று கேட்டார். எனக்கு அப்போது டொச் சரியாக வராது. வந்த அளவில் சொன்னேன். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் நோகிறது என்பதுவரைக்கும் கேட்டார். டொக்டர்கூட அதைக் கேட்கவில்லை. மறுநாள் நான் போனபோது, குனியத் தேவையில்லாத உயரத்தில் எனக்கென்று ஒரு மேசை போடப்பட்டிருந்தது. அந்த மேசையை நினைக்காமல் அவரை வெறுக்க என்னால் முடிந்ததில்லை. அதுதான் பெரிய கரைச்சல்.

எல்லோரையும் 'நீ' என்பார். தன்னையும் அப்படியே கூப்பிடச் சொல்வார். மகளுக்குப் பல்லில் கம்பி போட்டார்கள் என்று ஒருமுறை சொன்னால், கம்பி கழற்றுகிற வாரத்தில் ஞாபகமாக விசாரிப்பார். நான் தேத்தண்ணீருக்கு எவ்வளவு சீனி போடுவேன் என்று என் தங்கைக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

அந்தப் புல்வெளிக்குப் பக்கத்துக் காணி ஒரு கிழவருடையது. மாடு வளர்க்கிறவர். எங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. டிராக்டரை வேலியோரம் கொண்டுவந்து நிறுத்தி, கல்லைக் கிண்டி எடுத்துக் காசு விழுங்குகிற கூட்டம் என்று கத்துவார். ஒருநாள் கிழவர் கத்தி முடியும்வரை எங்கள் தலைவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வேலியைக் கடந்து போய் டிராக்டர்ப் படியில் ஏறி உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார். மத்தியானம் திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டி முட்டை. கிழவரின் பாட்டன் அந்தச் சுவர்களிலிருந்து கல்லெடுத்துத்தான் மாட்டுக்கொட்டில் கட்டியிருக்கிறார் என்ற செய்தியும் கூடவே வந்தது. அடுத்த கிழமை எல்லோரும் கொட்டிலுக்குப் போய் ரோமர் செதுக்கிய கல்லைப் படம் எடுத்தார்கள். கிழவர் புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

கிழவரின் மனைவி பிள்ளைகள் வளர்ந்த பிறகு இன்னொருவரோடு போய்விட்டார் என்பதும், மனைவியின் கோப்பையைக் கிழவர் இன்னமும் அலுமாரியிலிருந்து எடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியவந்தது. கிடங்கு வெட்டும் இயந்திரம் ஓட்டிய போர்த்துக்கல்காரர் ஒருவர் இருந்தார். யாரோடும் பேசாத மனிதர். அவருக்கும் சொந்தத் தம்பிக்கும் தகப்பனின் சாவீட்டில் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தலைவர்தான் சொன்னார். நான் துண்டு கழுவும்போது பக்கத்தில் வந்து ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, இரக்கத்தோடும் அன்போடும் சொன்னார். என்னை நம்பிச் சொல்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் வேறு யாரோ அவரை நம்பிச் சொன்னது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாளிகையின் குசினிப் பக்கத்திலிருந்து ஒருநாள் சிப்பி ஓடுகள் வந்தன. ஏரிச் சிப்பி இல்லை, கடல் சிப்பி. அந்த மாளிகைக்காரன் தூரத்துக் கடலிலிருந்து பீப்பாயில் வரவழைத்துத் தின்றிருக்கிறான் என்றார். நான் ஒன்றைக் கழுவி மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. ஆனால் நான் மணந்து பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"நீ கடல் பக்கமா?"

"ஓம். முல்லைத்தீவுப் பக்கம்."

அன்றைக்கு அவர் அதற்குமேல் கேட்கவில்லை. எப்போது கேட்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இலைகள் பழுக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு முற்பகல், மாளிகையின் பின்சுவருக்கு வெளிப்பக்கம் மண் சுரண்டிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி அவரைக் கூப்பிட்டாள். எல்லோரும் போனோம். வளைந்த கூரை ஓடுகள் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து மூடியபடி இருந்தன. மேலோட்டைத் தூக்கியபோது உள்ளே மெல்லிய எலும்புகள். ஏதோ பறவை என்றுதான் நான் நினைத்தேன்.

"குழந்தை," என்றார் அவர். குரலைத் தாழ்த்தி மாணவர்களுக்கு விளக்கினார். ரோமர்கள் பெரியவர்களின் உடலை ஊருக்கு வெளியே கொண்டுபோவார்கள். கைக்குழந்தை என்றால் பல வேளைகளில் அப்படிச் செய்வதில்லை. வீட்டுச் சுவரோரம், கூரைத் தண்ணீர் விழுகிற தாழ்வாரத்தடியில் புதைப்பார்கள். வீட்டைவிட்டுத் தூரம் போகவேண்டாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

நான் அங்கே நிற்கவில்லை. கருவிகள் வைக்கிற கொன்ரெய்னருக்குப் பின்னால் போய் அதன் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். மற்றவர்களைத் தேத்தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு வந்திருந்தார். நான் நிலத்தில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். கையுறைகள் மடிக்குப் போயின.

"ஃபெர்ட்செல்."

சொன்னேன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் நாங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போய், சனம் விட்டுவிட்டு ஓடிய ஒரு வீட்டில் ஒதுங்கினோம். கடலைப் பார்த்த வீடு. யாருடையது என்று இன்றைக்கும் தெரியாது. எங்கள் மூத்தவன் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான். காய்ச்சல் பிடித்தது. ஆஸ்பத்திரி என்று சொன்ன இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே ஆஸ்பத்திரி இருக்கவில்லை. திரும்பி வரும் வழியில் என் தோளிலேயே போய்விட்டான். செல் விழுந்துகொண்டிருந்ததால் வேறெங்கும் கொண்டுபோக வழியில்லை. கணவர் அந்த வீட்டின் தாழ்வாரத்தடியில் குழி தோண்டினார். ஒரு மஞ்சள் துவாயில் சுற்றி வைத்தோம். மறுநாளே அங்கிருந்து எழும்பவேண்டி வந்தது. வீட்டுக்காரர் திரும்பி வந்தாரோ, வந்திருந்தால் தன் வளவில் எங்கள் பிள்ளை கிடக்கிறான் என்று அவருக்குத் தெரியுமோ, தெரியாது.

என் டொச்சில் வினைச்சொற்கள் முறிந்து முறிந்து விழுந்தன. அவர் ஒன்றையும் எடுத்துத் திருத்தவில்லை. சொல் வராத இடத்தில் காத்திருந்தார். என் ஈரக் கையைத் தன் வெறுங்கைக்குள் வைத்திருந்தார். அழுதார். அது பொய் அழுகை என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

"ஒருவருக்கும் சொல்லாதே," என்று கேட்டேன். "மகள் இங்கே வந்த பிறகு பிறந்தவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது."

"சத்தியமாகச் சொல்லமாட்டேன்," என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்குப் பசித்தது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு சின்னப் பிள்ளைக்குப் பசிப்பதுபோல் பசித்தது. மகள் பிறந்த பிறகு நானும் கணவரும் அவனைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசக்கூடாது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்ததும் இல்லை. அப்படியே நின்றுபோனது. அந்தக் கனத்தில் பாதியை ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏந்திக்கொண்டாள் என்று நினைத்தேன்.

பனி விழுவதற்கு முன் தோண்டுகிற வேலை முடிந்தது. பெட்டிகளில் எல்லாம் ஏற்றிப் போனார்கள். அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். கணவர் ஹோட்டலில் சமைப்பவர். அன்றைக்கு எங்கள் சாப்பாடு சமைத்தார். வந்தவர் கையால் சாப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார். மகளிடம் பள்ளிக்கூடம்பற்றிக் கேட்டார். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு கணவர் பக்கம் திரும்பி அவரைப்பற்றிக் கேட்டார். கணவர் எழுந்து இன்னும் கொஞ்சம் கறி போட்டுக்கொண்டு வந்தார். அவர் மறுபடி கேட்டபோது மறுபடி கறி.

அவர் போன பிறகு கணவர் சொன்னார்: "உம்மடை சினேகிதியிட்ட வாய் துறந்தால் பிறகு மூடேலாதப்பா."

நான் சிரித்தேன். அவரும்தான் சிரித்தார்.

எனக்கு ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை கிடைத்தது. மாளிகை இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியது. அவர் இடையிடையே போன் எடுப்பார். தோளைக் கேட்பார், மகளைக் கேட்பார். பிறகு ஒருநாள், அங்கே கிடைத்ததையெல்லாம் வைத்து அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி செய்கிறோம், கட்டாயம் வா என்றார். திறப்பு நாளில் எனக்கு வேலை. போக முடியவில்லை.

மகள் போனாள். வகுப்போடு கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் வீட்டுக்கு வந்தபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றாள். எங்கள் வீட்டில் அவள் ஒருபோதும் அப்படி வந்ததில்லை.

"அம்மா, எனக்கு ஒரு அண்ணா இருந்தவரோ?"

கத்தி என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஆர் சொன்னது?"

"அங்க ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கு. ரெண்டு ஓடு, ஒரு பேபியின்ரை எலும்பு. பக்கத்தில கேக்கிற ஒண்டு தொங்குது. காதில வைச்சா ஒரு பொம்பிளை கதைக்கிறா. இந்தத் துண்டுகளைக் கழுவின ஒரு அம்மா ஸ்ரீலங்காவில இருந்து வந்தவ, யுத்தத்தில தன்ரை முதல் பிள்ளையைத் தாழ்வாரத்துக்குக் கீழ தாட்டவ எண்டு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் பஸ்ஸில போகேக்கையே எல்லாருக்கும் சொன்னனான், அந்தத் துண்டெல்லாம் என்ரை அம்மாதான் கழுவினவ எண்டு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தவை, அம்மா. டீச்சரும் பாத்தவ. எனக்குத்தான் ஒண்டும் தெரியாது."

நான் அவளைப் பிடிக்கப் போனேன். கையில் வெங்காயம் என்று தள்ளிவிட்டாள். அது வெங்காயத்துக்காக இல்லை.

மறுநாள் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். மகள் சொன்னபடியே இருந்தது. காதில் வைத்தேன். நல்ல குரல். என் வாயில் ஒருநாளும் வராத அழகான டொச். கடல் அமைதியாகக் கிடந்ததாம். தாழ்வாரத்திலிருந்து மழை சொட்டிச் சொட்டி அந்தச் சின்ன மண்மேட்டில் விழுந்ததாம். நான் அப்படிச் சொன்னேனா? அன்றைக்கு மழை பெய்ததா? கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். மழைதான் தெரிந்தது. அந்தக் குரல் சொன்ன மழை. அதற்குப் பின்னால் இருந்த என் பிள்ளையின் நாளை என்னால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு வயதான சோடி, தங்கள் முறைக்காகப் பொறுமையாக நின்றது.

அவருடைய அலுவலகம் மேல்மாடியில். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"கேட்டாயா?" முகம் மலர்ந்திருந்தது.

"நீ சத்தியம் பண்ணினாய்."

கையை எடுத்தார். "உன் பெயரை எங்கேயும் போடவில்லை."

"அங்கே துண்டு கழுவியது நான் என்று என் மகளுக்குத் தெரியும். அவள் வகுப்புக்கே தெரியும்."

அவருக்குக் கண் நிறைந்தது. "ஐயோ. நான் அதை யோசிக்கவில்லை. உண்மையாக யோசிக்கவில்லை." பிறகு என் கையைப் பிடித்தார். "ஆனால் பார், அந்தப் பெட்டிக்கு முன்னால் சனங்கள் நின்று அழுகிறார்கள். அத்தனை காலத்துக்கு முந்திய ஒரு தாயின் துக்கம் அவர்களுக்கு விளங்குகிறது என்றால் அது உன்னால்தான். அப்படிப்பட்ட கதை மண்ணுக்குள் கிடக்கக்கூடாது."

"அது கதை இல்லை," என்றேன். "அதை நான் உனக்குத்தான் சொன்னேன்."

மாற்றச் சொல்கிறேன், எடுக்கச் சொல்கிறேன் என்றார். மன்னிப்புக் கேட்டார். ஒருமுறை இல்லை, பலமுறை. என்னைக் கதிரையில் இருத்தினார். தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு இன்னொரு கதிரையை இழுத்து எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தார். கண்ணீர் காயவில்லை. அதற்குள்ளேயே அந்தக் கண்களில் வேறொரு வெளிச்சம் வந்துவிட்டது.

"உன் மகள் எப்படித் தாங்கினாள்? உன்னிடம் வந்து முதலில் என்ன கேட்டாள்?"

என் வாய் திறந்தது. சொல்வதற்குத்தான் திறந்தது. அவ்வளவு கோபத்தோடு ஏறிப்போன எனக்கு, அந்த முகத்தைக் கிட்டத்தில் கண்டதும் 'சப்பாத்தோடு வந்து நின்றாள்' என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. தண்ணீர்க் கிளாஸை நிலத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் மகள் என்னோடு பேசவில்லை. கணவருக்கு அவளே சொல்லியிருந்தாள். கணவர் என்னைக் குறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். தன்னுடைய விடுமுறை நாளில் வெளிக்கிட்டுத் தனியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்து, ஜக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, மகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மேசையில் உட்கார்ந்தார்.

"அண்டைக்கு மழை பெய்யேல்லை," என்றார்.

நாங்கள் இரண்டுபேரும் அவரைப் பார்த்தோம்.

"ரெண்டு தரம் கேட்டனான். மழையாம். மழை பெய்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாய் இருந்திருக்கும். மண் காஞ்சு கல்லு மாதிரிக் கிடந்தது. மண்வெட்டியும் இல்லை. குசினிக்குள்ள கிடந்த ஒரு தகரத்தாலதான் கிண்டினனான்."

மகள் பேனையை வைத்தாள். "வேற என்ன பிழையாச் சொல்லுறா அப்பா?"

"கடல் அமைதியாய்க் கிடந்ததாம். கடல் இரைஞ்சுகொண்டு கிடந்தது. உங்கடை அம்மா ஏதோ சொன்னவ, எனக்கு அது கேக்கேல்லை. இவ்வளவு காலமும் அதைக் கேக்காமலே விட்டிட்டன்." என் பக்கம் திரும்பினார். "என்ன சொன்னனீர்?"

"அவனுக்குத் தலைமாட்டில ஒரு கல்லு வைக்கச் சொன்னனான்."

"வைச்சனான்," என்றார்.

அன்றைக்குத்தான் நாங்கள் மூன்றுபேரும் அவனைப்பற்றிப் பேசினோம். யாருடைய மூக்கு, என்ன சொல்லி அழுவான், எப்படி ஒரு பக்கமாக இழுத்து இழுத்துத் தவழுவான் என்றெல்லாம் மகள் கேட்டாள். இதற்கு அந்தப் பெண்ணுக்குத்தான் நன்றி சொல்லவேண்டும் என்று ஆட்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். அந்த நாள் என்றைக்கோ ஒருநாள் எங்கள் மேசைக்குத் தானாக வந்திருக்கும், அல்லது வராமலே போயிருக்கும். இரண்டும் எங்களுடைய பாடு. மகள் அதை நாற்பது கண்களுக்கு முன்னால் காதில் வைத்துக் கேட்டதை இனி யாராலும் இல்லாமல் செய்ய முடியாது.

கண்காட்சியில் 'ஸ்ரீலங்கா' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தூரத்து நாடு' என்று மாற்றினார்கள். மழை கடைசிவரை பெய்துகொண்டுதான் இருந்தது.

அவர் எடுத்த போன்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இல்லத்தில் கூட வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள். 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டுவிட்டு, நான் 'சுகம்' என்று முடிப்பதற்குள் அடுத்த உடுப்பு மூட்டையைத் தூக்கிவிடுவார்கள். சில நாட்களில் அவருடைய சேற்றுச் சப்பாத்தை நினைத்துக்கொள்வேன். நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல் வரும்.

இந்த வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். மேசையில் என் போன் அடித்தது. மகள் யாரென்று பார்க்காமலே எடுத்தாள். அம்மாவின் கையில் மா, அவவால் வர முடியாது என்று சுவிஸ் டொச்சில் சொன்னாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். "யோ," என்றாள், 'ஓம்' என்பதுபோல். பிறகு இன்னொரு "யோ". மெல்ல யன்னல் பக்கம் நடந்துபோய், ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்து நிலத்தில் உட்கார்ந்தாள். என்னோடும் தகப்பனோடும் ஒற்றைச் சொல்லில் பேசி முடிக்கிற வயது அவளுக்கு. அவள் வாயிலிருந்து முதலில் ஒரு சொல் வந்தது, பிறகு வசனம் வந்தது, பிறகு நிற்காமல் வந்தது. குரல் இளகிக்கொண்டே போனது. 'அண்ணா' என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள்.

மாக்கையோடு போய் அவள் காதிலிருந்து போனைப் பறித்து நிறுத்தினேன். போன் கண்ணாடி முழுக்க மா.

"ஏனம்மா?" கண் கலங்கியிருந்தது. "அவ நல்லாத்தானே கதைச்சவ."

"ஓம் பிள்ளை," என்றேன். "அவ நல்லாக் கேப்பா."